வலது பின்னின் லாக்

கப்பலூர் தொழிற்பேட்டையில், டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற கருவிகளைச் செய்யும் பட்டறை ஒன்றில் என் வேலைக்காலம் முடிந்தது. கடைசி நாளன்று சால்வை போர்த்தினார்கள். பட்டறை மலரில் போட அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "பின்னுக்கு மேல சைக்கிள் டியூப் சுத்துறத மொதமொதல்ல கண்டுபிடிச்சது நீங்கதானாமேண்ணே? அத எழுதுங்க" என்று பெயிண்டு அடிக்கும் செக்ஷனில் ஒருவர் பெருமையாகக் கேட்டார். ஆமாம், நான்தான். அதைத்தான் எழுதப் போகிறேன். படித்து முடித்தபின் சால்வையைத் திருப்பிக் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் வாடிப்பட்டிக்கு வடக்கே, மலையடிவாரத்தில் இருந்த ஒரு விதைப்பண்ணையில் டிராக்டர் டிரைவராகச் சேர்ந்தேன். பெயர் வீரணன். அதற்கு முன் இரண்டு வருடம் லாரி ஷெட்டில் கிரீஸ் வைத்தேன், ஒரு வருடம் நெல் மில்லில் எஞ்சினைத் துடைத்தேன். கற்றுக்கொண்ட காலம் என்று சொல்ல அவ்வளவுதான்.

பண்ணையில் பாதி நிலம் சீமைக்கருவேல். கரிமூட்டம் போடுகிறவர்கள் வந்து மரத்தை வெட்டிக்கொண்டு போவார்கள். ஒரு மழை பெய்தால் கட்டையிலிருந்து விரல் தடிமனில் பத்துக் கொம்பு கிளம்பி நிற்கும். அதை அடிப்பதற்கென்று முதலாளி ஸ்லாஷர் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். பெரிய இரும்பு மூடி, அதன் அடியில் சுழலும் இரண்டு கத்தி. டிராக்டர் எஞ்சினிலிருந்து ஒரு ஷாப்ட் போய் அந்தக் கத்தியைச் சுற்றும். ஸ்லாஷரை டிராக்டரோடு மூன்று இடத்தில் பிடித்திருப்பார்கள். கீழே இடது இரும்புக் கை, வலது இரும்புக் கை, மேலே ஒரு கம்பி. மூன்றிலும் கட்டை விரலைவிடத் தடித்த ஒரு பின். பின் நழுவாமல் இருக்க அதன் முனையில் ஒரு துளை. துளைக்குள் போகிற சின்ன ஊசி, ஊசித் தலையில் மடங்கி இறுகும் ஒரு வளையம். அந்த ஊசியைத்தான் லாக் என்போம். சட்டைப்பையில் போட்டால் கனம் தெரியாது. பத்து ஆள் தூக்கத் திணறும் இரும்பு அதை நம்பித்தான் ஓடும்.

எங்கள் போர்மேன் தனுஷ்கோடி அண்ணன். பஸ் ஷெட்டில் இருந்து வந்தவர். குள்ளமான, சிரிக்காத மனிதர். வண்டி புறப்படும் முன் டிராக்டருக்கு முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பின்பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். அப்படியே நின்றுகொண்டு கேட்பார்.

"எடது?"

"தொட்டாச்சுண்ணே."

"வலது?"

"தொட்டாச்சு."

"மேல?"

"தொட்டாச்சு."

"கெளம்பு."

பார்த்தாச்சு என்று யாராவது சொன்னால் போச்சு. "பாக்கச் சொன்னேனா, தொடச் சொன்னேனா? கண்ணு ஆயிரம் நெனப்புல இருக்கும். வெரலுக்கு ஒரு நெனப்புத்தேன்" என்று மூன்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். ஒருநாள் முதலாளியே வந்து, "பாத்துட்டேன் தனுஷ்கோடி, எல்லாம் சரியா இருக்கு" என்றார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை, வண்டியையும் விடவில்லை. கடைசியில் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து தொட்டார்.

உழும்போது இந்த லாக்கால் ஒரு தொந்தரவும் இல்லை. புதர் அடிக்கும்போதுதான் சனியன் பிடிக்கும். டயருக்கு அடியில் மடங்கிய கொம்பு பின்பக்கம் வந்ததும் விசுக்கென்று நிமிரும். நிமிர்கிற வேகத்தில் வளையத்துக்குள் நுழைந்து அதைத் தூக்கிவிட்டுவிடும். வளையம் திறந்தால் நாலு குலுக்கலில் லாக் விழும். முள்ளுக்குள் விழுந்த லாக்கைத் தேடுவது அவ்வளவு லேசான காரியம் இல்லை. அரைமணிக்கு ஒருதரம் வண்டியை நிறுத்தி இறங்கித் தொட வேண்டும். கட்டுக்கம்பி சுற்றிப் பார்த்தோம், அதையும் கொம்பு அறுத்தது.

ஒருநாள் என் சைக்கிள் கேரியரில் தூக்குவாளி கட்டுகிற பழைய டியூப் துண்டை எடுத்து, லாக்கை மாட்டி, அதற்கு மேல் நாலு சுற்று இறுக்கிச் சுற்றிச் சொருகினேன். பொழுதுக்கும் ஓட்டினேன். அசையவில்லை. சாயங்காலம் தனுஷ்கோடி அண்ணன் குனிந்து அதை விரலால் அமுக்கினார், இழுத்தார், மறுபடி அமுக்கினார். போய் ஒரு முழு டியூபைக் கொண்டுவந்து துண்டு துண்டாக வெட்ட ஆரம்பித்தார். அவர் பாராட்டு அவ்வளவுதான். எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

அதற்கப்புறம் தொடுவது என்றால் டியூபைத் தொடுவது என்று ஆகிவிட்டது. லாக் மாட்டாமல் யாரும் டியூப் சுற்றப்போவதில்லை என்று நினைத்தோம். போர்மேனும் அப்படித்தான் நினைத்தார். அவர் நம்பிய விரல்களுக்கு நான் கண்ணைக் கட்டிவிட்டது அப்போது ஒருத்தருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது டிராக்டரை ஓட்டியவன் முத்திருளன். எனக்கு ஒரு வயது இளையவன். ஒருத்தரை ஒருத்தர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். புதர் அடிக்கும்போது காடைக் கூடு கண்ணில் பட்டால் வண்டியை ஒடித்து, அந்த இடத்தில் ஒரு கொத்தை அப்படியே விட்டுவிட்டுப் போவான். அடித்து முடித்த வெளியில் அங்கங்கே குடுமி போலப் புதர் நிற்கும். மேனேஜர் கத்துவார். "குஞ்சு பறந்தப்பறம் அடிச்சுத் தாரேன் சார்" என்பான், சொன்ன மாதிரி அடித்தும் கொடுப்பான். கவனம் இல்லாதவன் என்று அவனைச் சொன்னால் அந்தக் காடைகூட ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு ஆயுத பூசை. ஸ்பேனர், சுத்தியல், லாக் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் வரிசையாக வைத்தோம். வருடா வருடம் செய்வதுதான். இலையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை பூசை முடியும்வரை தொடக் கூடாது.

அந்த வருடம் முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். டிராக்டரை ஸ்லாஷரோடு சேர்த்து நிறுத்த வேண்டும், வாழைமரம் கட்டிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும் என்றார். வண்டி முத்திருளன் ஓட்டுவது, மாட்டுகிற வேலை என்னுடையது. பின்னெல்லாம் ஸ்லாஷரிலும் டிராக்டரிலும் அதனதன் இடத்திலேயே இருந்தன, அங்கேயே சந்தனம் தடவியிருந்தோம். கழற்றி வைக்கக்கூடியவை லாக்குகள்தான், மூன்றும் இலையில் இருந்தன. சாமிக்கு வைத்ததை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டடி நகர்த்தத்தானே என்று லாக் இல்லாமலே மூன்று பின்னிலும் டியூபைச் சுற்றினேன். வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு வேலையைத் தொடங்கி வைத்தால் வருடம் முழுவதும் தடையில்லாமல் நடக்கும் என்பது பண்ணையில் நம்பிக்கை. பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் வண்டி காட்டில் இறங்க வேண்டும். பூசை முடிந்ததும் நான் இலையிலிருந்து லாக்கை எடுத்து, மேல்கம்பியின் டியூபைப் பிரித்து மாட்டிச் சுற்றினேன். இடது கையிலும் அதே மாதிரி. மூன்றாவதை எடுக்க வந்தபோது இலையில் காணவில்லை. பூவைக் கிளறினேன். அந்த நேரம் மேனேஜர், "வீரணா, முதலாளி கிளம்புறாரு, பொரி கடலையக் கார்ல ஏத்து" என்று கூப்பிட்டார். ஏற்றிவிட்டு வந்து தேடுவோம் என்று போனேன். கார் கதவைச் சாத்தும்போது என் காதில் விழுந்தது.

"வலது?"

"தொட்டாச்சுண்ணே."

"மேல?"

"தொட்டாச்சு."

"கெளம்பு."

முத்திருளன் பொய் சொல்லவில்லை. அவன் கை ரப்பரைத் தொட்டது. ரப்பர் இறுக்கமாக இருந்தது, நான் சுற்றியதுதானே. அந்தக் குரலைக் கேட்டு ஓடிப்போய் வண்டியை மறித்திருக்கலாம். எனக்கு அப்போது நினைவே வரவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்தது. ஒரு கணம் வந்தது. போர்மேன் விட்டுவிட்டாரே, அப்படியென்றால் சரியாக இருக்கும் என்று ஒரு நினைப்பு அதற்கு மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் பொரிப் பொட்டலத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு முன்னால் சத்தம் மாறியது. காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஒரே சீராக இரைகிற ஸ்லாஷர், இரும்பைப் பல்லால் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டு நின்றது. ஓடினோம். டிராக்டரின் வலது கை பின்னிலிருந்து நழுவியிருக்கிறது. ஸ்லாஷர் அந்தப் பக்கமாகச் சரிந்து ஒரு கட்டையின் மேல் ஏறி, வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறது. முத்திருளன் எஞ்சினை அணைத்துவிட்டு என்ன ஆச்சோ என்று இறங்கியிருக்கிறான். எஞ்சின் நின்றாலும் கத்தி கொஞ்ச நேரம் தன்பாட்டில் சுற்றும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கட்டை முறிந்து ஸ்லாஷர் அவன்மேல் சரிந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவன் கத்தவில்லை. "மாப்ள, லுங்கியக் கட்டி விடு" என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னான்.

பண்ணை வேனில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் அவர்களோடு போகவில்லை. ஷெட்டுக்குத் திரும்பி வந்து வாழையிலையைத் தூக்கினேன். இலையின் அடியில், காய்ந்த சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தது லாக்.

எடுத்துச் சட்டைப்பையில் போட்ட சமயத்தில் தனுஷ்கோடி அண்ணன் உள்ளே வந்தார். கிழிந்த டியூபைக் கையில் வைத்திருந்தார்.

"பின்னுத் தொளைக்குள்ள சந்தனம் அப்பிடியே அடைச்சிருக்கு. லாக்கு உள்ள போகவே இல்லடா. கொம்பு தட்டி விழுந்திருந்தா சந்தனம் இருக்காது." அவர் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "காலைல மாட்டுனது யாரு?"

அந்த இடத்தில்தான் என் வாழ்க்கை நின்றது. நான் மாட்டவில்லை அண்ணே என்று ஒரு வரி. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்கும். போலீஸ் வந்திருக்கலாம். வீட்டில் பிள்ளை பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை, அப்போது மனதில் என்ன ஓடியது என்று மட்டும் சொல்கிறேன்.

"மேலயும் எடதும் நான் மாட்டுனேண்ணே. வலதுபக்கத்த அவன் மாட்டிக்கிறேன்னான்."

அண்ணன் கிழிந்த டியூபை விரலில் சுற்றினார். "அப்ப தொட்டாச்சுன்னு எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கான்" என்றார். அவருக்கு அவன் கால் போனதைவிட அந்தப் பொய்தான் வலித்தது என்று நினைக்கிறேன். மேனேஜரிடமும் அதையே சொன்னார். பண்ணையில் மோட்டார் ரூமில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று காலியாக இருந்தது. அதை முத்திருளனுக்குக் கொடுக்கலாம் என்று முதலாளி வாயெடுத்தாராம். அவனே செய்த தப்புக்கு நாம் என்ன செய்ய முடியும் என்று மேனேஜர் சொல்ல, அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

ஆஸ்பத்திரிக்கு ஒரு வாரம் கழித்துப் போனேன். முத்திருளன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி பேச்சி, கஞ்சி டம்ளரோடு.

"மாப்ள, நான் தொட்டேன்டா. மூணையும் தொட்டேன். அண்ணன் வந்து கேட்டாரு, நீ மாட்டிக்கிறேன்னு சொன்னியாமேன்னு. நான் அப்பிடிச் சொன்னேனா?"

பேச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது.

"சொன்ன மாப்ள" என்றேன். "ராகு காலம் வந்துருச்சுன்னு அவசரத்துல இருந்த. மறந்திருப்ப."

"சொன்னேனா" என்று அவன் தனக்குள்ளேயே ஒருதரம் சொல்லிப் பார்த்தான். கண்ணை மூடி யோசித்தான். நடக்காத ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ள ஒரு மனுசன் படுகிற பாட்டை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். "சொல்லியிருப்பேன் போல" என்றான் கடைசியில். பேச்சி டம்ளரை டக்கென்று கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

அந்த லாக்கை அடுத்த வாரம் அதே பின்னில் மாட்டினேன். ஸ்லாஷரை வெல்டிங் வைத்து ஒக்கிட்டுக் கொண்டுவந்திருந்தார்கள், லாக் தேவைப்பட்டது. மேலே டியூபும் சுற்றினேன். சுற்ற மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று போர்மேன் கேட்பார். டியூபின் மேல் குற்றம் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை, ஆளின் மேல்தான் நினைத்தார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சுற்றினார்கள். தினமும் காலையில் நான் எல்லாருக்கும் முன்னால் வந்து ஒவ்வொரு டியூபாகப் பிரித்து, உள்ளே லாக் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி சுற்றிவைப்பேன். வீரணன் மாதிரி பொறுப்பான ஆள் கிடையாது என்று மேனேஜர் சொல்வார். தனுஷ்கோடி அண்ணன் வேலையை விட்டுப் போகும்போது சாவிக்கொத்தை என் கையில் கொடுத்து, "பொய் சொல்றவன மட்டும் வண்டியில ஏத்தாதடா" என்றார். நான் போர்மேன் ஆனேன், பல வருடம் கழித்து அங்கிருந்துதான் இந்தப் பட்டறைக்கு வந்தேன். அவர் ஊருக்குப் போன மறுவருடம் இறந்துபோனார்.

முத்திருளன் மதுரையில் காளவாசல் பக்கம் ஒற்றை அறை வீட்டுக்குக் குடிபோனான். ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிற வேலை. பேச்சி சித்தாள் வேலைக்குப் போனாள். மதுரைக்கு வரும்போது எப்போதாவது அவனைப் பார்ப்பேன். டீ வாங்கித் தருவேன். அவன் வேறு எதையாவது பேசுவான், நான் போகக் கிளம்பும்போது மட்டும், "அம்புட்டு அவசரம் என்ன மாப்ள எனக்கு அன்னைக்கு?" என்று கேட்பான். என்னிடம் பதில் எதிர்பார்த்துக் கேட்டதில்லை. எட்டு வருடம் இப்படிப் போனது.

எண்பதுகள் முடிகிற சமயம் பேச்சி செத்துப்போனாள். கட்டிடத்தில் சிமெண்டுத் தூசியைக் குடித்துக் குடித்து இருமல் வந்து படுத்தவள் எழவில்லை. எனக்குச் செய்தி பிந்தித்தான் வந்தது. காரியம் முடிந்தபின் துக்கம் கேட்கப் போனேன். முத்திருளன் பாயில் உட்கார்ந்திருந்தான், ஊன்றுகட்டை பக்கத்தில் கிடந்தது. வேறு யாரும் இல்லை.

"நல்லாத்தேன் இருந்தா மாப்ள, படுக்குற வரைக்கும். ரொம்ப ஏசவும் மாட்டா. சோறு போடுறப்ப மட்டும் சொல்லுவா. அந்த ஊசிய மட்டும் நீங்க மாட்டியிருந்தா நான் கல்லுச் செமக்க வேண்டியதில்லைன்னு. சாகுறதுக்கு மொத நாளும் சொன்னா. நியாயந்தான? அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொன்னேன். இலை, சந்தனம், பொரிப் பொட்டலம், சட்டைப்பை, போர்மேனிடம் சொன்னது, ஆஸ்பத்திரியில் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

அவன் அடிக்கவில்லை. தன் வலது கையைத் தூக்கி விரல்களைப் பார்த்தான்.

"அப்ப நான் தொட்டிருக்கேன்" என்றான்.

"தொட்ட மாப்ள."

"மாட்டிக்கிறேன்னு நான் சொல்லல."

"சொல்லல."

 தெருவில் பஸ் போய்க்கொண்டே இருந்தது. பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். அங்கே ஆணியில் பேச்சியின் படம், அதன்மேல் காயாத மாலை. எட்டு வருடம் சோற்றோடு சேர்த்து அந்தப் பேச்சை விழுங்கியவன். பதில் சொல்ல ஒரு வாய்ப்பு வந்தபோது கேட்கிறவள் இல்லை. இருபது நாள் முன்னால் நான் வந்திருந்தால் போதும்.

"இத இப்ப நான் யார்கிட்ட மாப்ள போயிச் சொல்ல?" என்றான், என் பக்கம் திரும்பாமல்.

துக்க வீட்டில் போய்ட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவனும் கூப்பிடவில்லை. அதற்கப்புறம் நான் அங்கே போகவில்லை.